தனித்திருக்கும் கதாபாத்திரத்துக்கு நோயின் பெயர் வேண்டுமா?

தண்டையார்பேட்டையில் ஒரு மாடியறையில் தனியாக வாழும் முதியவரைப் பற்றிக் குறுநாவல் எழுதியிருக்கிறீர்கள். பின்னி மில்லின் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். மில் மூடியபின் பழைய ரேடியோக்களைப் பழுதுபார்த்துக்கொண்டு, யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாமல் இருப்பவர். கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர் அவருக்கு ஆட்டிசம் என்கிறார். இன்னொருவர் ஸ்கிசாய்ட் ஆளுமை என்கிறார். பதிப்பாசிரியரோ ஏதாவது ஒரு பெயரைக் கதைக்குள் சொல்லிவிட்டால் வாசகருக்குக் குழப்பம் இருக்காது என்கிறார். பெயரைச் சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், போகிறபோக்கில், இந்தப் பாத்திரம் உங்கள் பெரியப்பாவின் சாயலில் எழுதப்பட்டது என்றும், அவர் இன்றும் உங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி அல்ல. படிக்கிறவர் ஒரு பாத்திரத்துக்கு நோய் கண்டறியலாமா, எழுதுகிறவர் அதைக் கதைக்குள் எழுத வேண்டுமா, மாடியில் இருக்கும் மனிதரை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

நான் மனநல மருத்துவர். முதலில் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் பிறகு சொந்தமாக ஒரு சிறு கிளினிக்கிலும் பல ஆண்டுகளாக வடசென்னையில்தான் வேலை செய்கிறேன். மருத்துவம் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். கதையைப் பற்றிச் சொல்வது தொடர்ந்து படிக்கிற ஒரு வாசகரின் கருத்து மட்டுமே; அதை நீங்கள் தள்ளிவிடலாம்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். தனியாக இருப்பது நோய் அல்ல. இன்று உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் இரண்டு வகைப்பாடுகளில், அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.மிலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.யிலும், தனிமை என்று ஒரு நோய் இல்லை. தனிமை ஓர் அறிகுறியாக இருக்கலாம், ஒரு விளைவாக இருக்கலாம், வெறும் விருப்பமாகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிப்பது இன்று அவர் எப்படி இருக்கிறார் என்பது அல்ல, எப்போதிலிருந்து அப்படி இருக்கிறார் என்பதுதான். உங்கள் கதையின் முதியவர் என் கிளினிக்குக்கு வந்தால் நான் முதலில் கேட்பது அவரை அல்ல, கூட வந்தவரை: இவர் சிறுவயதில் எப்படி இருந்தார்? பள்ளியில் யாரோடு விளையாடினார்? மில்லில் இருந்தபோது கூட்டாளிகள் இருந்தார்களா? தேநீர்க் கடையில் பெஞ்சில் உட்காருவாரா, வாங்கிக்கொண்டு போய்விடுவாரா?

இந்தப் பதில்களைப் பொறுத்து, அதே அறையில் அதே ரேடியோ முன் உட்கார்ந்திருக்கும் மனிதர் முற்றிலும் வேறு வேறு ஆட்களாக மாறிவிடுவார். மூன்று நான்கு வயதிலேயே மற்றப் பிள்ளைகளோடு சேரத் தெரியாமல், ஒரே பொருளில் மணிக்கணக்காக மூழ்கி, ஒழுங்கு சற்று மாறினாலும் தவித்தவர் என்றால் ஆட்டிசத்தை யோசிக்கலாம். குழந்தைப் பருவத்து வரலாறு இல்லாமல் அந்தக் கண்டறிதல் சாத்தியமே இல்லை. இளமையிலிருந்தே நெருக்கத்தில் நாட்டமில்லை, பாராட்டும் ஏச்சும் ஒன்றுதான், தனிமை அவருக்குச் சுமையும் இல்லை என்றால் ஸ்கிசாய்ட் என்று சிலர் சொல்வார்கள். உள்ளுக்குள் மனிதர்களுக்காக ஏங்கி, ஆனால் கேலி செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒதுங்கியவர் என்றால் அது வேறு வகை. இருபது வயதுவரை கலகலப்பாக இருந்து, பிறகு சில மாதங்களில் மெல்ல மெல்லப் பேச்சும் முகபாவமும் குறைந்துபோனவர் என்றால் மனச்சிதைவை விசாரிக்காமல் விடக்கூடாது. மில் 1996இல் மூடியது; அதுவரை சங்கக் கூட்டங்களுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் முன்னால் நின்றவர், அதற்குப் பிறகுதான் மாடியேறினார் என்றால், ஆட்டிசமும் ஸ்கிசாய்டும் அந்தக் கணமே அடிபட்டுப் போகின்றன. அப்போது நான் மனச்சோர்வையும், கடனையும், குடியையும், அவமானத்தையும் பற்றிக் கேட்பேன். வேலை போன பிறகு காலையில் சங்கு ஊதாத ஊரில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் போனவர்கள் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் நிறைய இருந்தார்கள். அது அவர்களுடைய மூளையில் இருந்த கோளாறு அல்ல.

இன்னொன்று, உங்கள் நண்பர்கள் இருவரும் நினைத்துப் பார்க்காதது. நெசவுப் பிரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில் நின்றால் உட்செவியின் மயிர்ச்செல்கள் சாகத் தொடங்கும். செத்தவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். அதனால் குரல் கேட்கும், சொற்கள் பிரியாது. ச, த, ப எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். தனியாக ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசினால் சமாளித்துவிடுவார். நாலு பேர் சேர்ந்து பேசும் கூடத்தில் எதுவும் புரியாது. பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரல் முற்றாகப் போய்விடும். "என்ன?" என்று மூன்று முறை கேட்டு, நாலாவது முறை கேட்க வெட்கப்பட்டு, மெல்ல விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தி, கடைசியில் திமிர் பிடித்தவர் என்றோ ஒரு மாதிரியானவர் என்றோ பெயர் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனநல மருத்துவரிடம் அழைத்துவரப்பட்ட அவர்களுக்குத் தேவைப்பட்டது காதுப் பரிசோதனை. உங்கள் கதையிலும் முதியவர் அப்படிப்பட்டவர்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு பாத்திரத்தைப் பார்த்த உடனே மனதுக்குள் நோய் தேடுகிறோமே, அந்த அவசரத்தில் எவ்வளவு விட்டுப்போகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கதாபாத்திரத்தின் அம்மாவை அழைத்து விசாரிக்க முடியாது. பக்கத்தில் எழுதப்படாத அவருடைய குழந்தைப் பருவம் எங்கேயும் இல்லை. மறைந்திருக்கவில்லை, இல்லவே இல்லை. ஷெர்லக் ஹோம்ஸுக்கு ஆட்டிசம் என்று உறுதியாகப் பேசுகிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். அவருடைய கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் ஒரு மருத்துவர். ஹோம்ஸின் உற்றுநோக்கும் முறையைத் தமக்குப் பாடம் நடத்திய எடின்பரோ அறுவை மருத்துவர் ஜோசப் பெல்லிடமிருந்து எடுத்தவர். இத்தனை மருத்துவப் பின்னணி இருந்தும், 1887இல் வந்த முதல் நாவலில் டாக்டர் வாட்சனுக்குத் தோளில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு, 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காலில் பாய்ந்ததாக மாறிவிடுகிறது. முதல் நாவலில் ஹோம்ஸுக்கு இலக்கிய அறிவு சுத்தமாக இல்லை என்று வாட்சன் பட்டியல் போடுகிறார். அடுத்ததிலேயே அவர் ஜெர்மன் கவிஞர் கதேயை மேற்கோள் காட்டுகிறார். டாயில் கவனமில்லாதவர் என்பதல்ல பொருள். கதைக்கு அன்று எது வேண்டுமோ அதைப் பாத்திரம் சுமக்கிறது. காயம் தோளிலிருந்து காலுக்கு நகர்கிற ஏட்டை வைத்துக்கொண்டு நான் எந்த நோயாளிக்கும் எதையும் எழுதித் தர மாட்டேன்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்திலேயே எங்கள் தொழில் இந்தப் பாடத்தைச் சங்கடத்தோடுதான் கற்றது. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் என்ற வேட்பாளரின் மனநிலை பற்றி ஒரு பத்திரிகை கேட்டபோது, அவரைப் பார்த்தே இராத ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்கள் அவர் தகுதியற்றவர் என்று எழுதியனுப்பினார்கள். நேரில் பரிசோதிக்காமலும் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமலும் கருத்துச் சொல்லக்கூடாது என்று அவர்களுடைய சங்கம் 1973இல் விதி எழுதியது அதன் பிறகுதான்.

உங்கள் நண்பர்களின் சண்டைக்கு வருகிறேன், ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரியாமலேயே நூறாண்டுப் பழைய சண்டை. ஆட்டிசம் என்ற பெயரை முதலில் பயன்படுத்திய ஸ்விஸ் மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர், மனச்சிதைவின் ஓர் அறிகுறியாகத்தான் அதைச் சொன்னார். 1920களில் சோவியத் மருத்துவர் க்ருன்யா சுகரேவா சில சிறுவர்களைப் பற்றி நுணுக்கமாக எழுதினார்; இன்று படித்தால் அவை ஆட்டிசத்தின் அச்சு அசலான விவரணைகள், ஆனால் அவர் வைத்த பெயர் ஸ்கிசாய்ட். ஆட்டிசத்தைக் குழந்தைகளிடம் காணும் தனி நிலையாக விவரித்த மருத்துவர் லியோ கன்னரின் கட்டுரை 1943இல், ஹான்ஸ் அஸ்பெர்கருடையது 1944இல். அஸ்பெர்கர் பெயரில் ஒரு நோய் 1994இல் டி.எஸ்.எம்.முக்குள் வந்தது, 2013இல் வெளியே போய்விட்டது. 2022 முதல் நடைமுறையில் உள்ள ஐ.சி.டி. 11இல் ஸ்கிசாய்ட் என்ற தனி ஆளுமைக் கோளாறே இல்லை, டி.எஸ்.எம்.மில் இன்னும் இருக்கிறது. ஆளுமைக் கோளாறுகளின் எல்லைகள் பற்றி எங்களுக்குள்ளேயே முடிவான உடன்பாடு கிடையாது, இதை நான் மறைக்க விரும்பவில்லை. உங்கள் குறுநாவலில் இன்று நீங்கள் அச்சிடும் பெயர் முப்பது ஆண்டுகள் கழித்து எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். ஆனால் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றும்போது அவர் திருகாணிகளை வரிசையாக வைக்கும் விதம் அப்போதும் புரியும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்த பாத்திரம் பார்ட்டில்பி. ஹெர்மன் மெல்வில் 1853இல் எழுதிய நீண்ட சிறுகதை அது. நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களைப் பிரதியெடுக்கும் குமாஸ்தா பார்ட்டில்பி. ஒருநாள் எழுதியதைச் சரிபார்க்கக் கூப்பிட்டால், செய்யாமலிருக்கவே விரும்புகிறேன் என்கிறார். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அதே பதில், மெல்லிய குரலில், கோபமில்லாமல். அலுவலகத்திலேயே தங்குகிறார், எங்கும் போவதில்லை, யாரும் இல்லை. இவருக்கு மனச்சோர்வு, மனச்சிதைவு, ஆட்டிசம் என்று எல்லாமே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் கதைக்குள்ளேயே ஒருவர் நோய் கண்டறிகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பார்ட்டில்பி அந்த ஆளற்ற கட்டிடத்தில் வாழ்கிறார் என்பதைக் கண்டுபிடித்த வக்கீலுக்கு முதலில் மனம் கசிகிறது. சற்று நேரத்தில் அந்த இரக்கம் பயமாக மாறுகிறது. இவருக்குப் பிறவியிலேயே தீராத ஏதோ கோளாறு இருக்கிறது, என்னால் இவருடைய ஆன்மாவை எட்ட முடியாது என்று முடிவுக்கு வருகிறார். வந்த கையோடு என்ன தீர்மானிக்கிறார் தெரியுமா? நாளைக் காலை சில கேள்விகள் கேட்பது, பதில் சொல்லாவிட்டால் சேரவேண்டிய சம்பளத்துக்கு மேல் இருபது டாலர் கொடுத்து அனுப்பிவிடுவது.

அந்த இடத்தை நான் படித்தபோது என் மேசை நினைவுக்கு வந்தது. நோயின் பெயர் கிளினிக்கில் ஒரு வேலையின் தொடக்கம். பெயர் சொன்னால் மருந்து, பயிற்சி, உதவித்தொகை, குடும்பத்துக்கு விளக்கம், அடுத்த மாதம் திரும்ப வாருங்கள் என்ற அழைப்பு எல்லாம் தொடர்கின்றன. முக்கியமாக, நான் சொன்னது தவறு என்று சொல்ல எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வக்கீலுக்கு அந்தப் பெயர் ஒரு வேலையின் முடிவு. இனி யோசிக்க வேண்டாம் என்பதற்கான அனுமதி. கதாபாத்திரத்துக்கு நோய் கண்டறியும் வாசகர் பெரும்பாலும் வக்கீலின் இடத்தில்தான் போய் நிற்கிறார். ஏன் இந்த மனிதர் இப்படி என்ற கேள்வி நம்மை உறுத்துகிறது, ஒரு பெயர் கிடைத்ததும் உறுத்தல் நின்றுவிடுகிறது. அதே நாட்டில், அந்தக் கதை வெளியாவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று சொல்லி அதற்குப் பெயரும் வைத்தார். வேலை செய்ய மறுப்பவரை நோயாளியாக்குவதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

இதை வைத்து, நோய்ப்பெயரே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்ற ஒரு வரியில் பெருஞ்செல்வத்தை விட்டு நடந்தவர் என்று கதை சொல்கிறது. அவரை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை, நினைக்கவும் கூடாது. ஆனால் அந்த மரபின் நிழலிலேயே, பேச்சை நிறுத்திக் குளிப்பதை நிறுத்தித் தனக்குள் சிரிக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனைச் சாமியாராகிவிட்டான் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அழைத்துவருகிற குடும்பங்களும் இருக்கின்றன. மனச்சிதைவில் சிகிச்சை தள்ளிப்போகப் போக மீட்சி கடினமாகிறது. இதில் சந்தேகமே இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். நோய் என்று பெயர் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போவது இந்த மண்ணில் பல நேரம் ஒரு மனிதருக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய நன்மை.

இன்னொரு தரப்பும் இருக்கிறது, அதற்கு நான் வழிவிட்டு நிற்கிறேன். ஆட்டிசம் உள்ள வாசகர்கள் சிலர், ஹோம்ஸிலோ வேறொருவரிலோ தங்களைக் கண்டு, இவரும் எங்களைப் போல என்று சொல்கிறார்கள். அது நோய் கண்டறிதல் அல்ல, உறவு கொண்டாடுவது. அந்த அனுபவம் எப்படிப்பட்டது என்பதை உள்ளிருந்து அறியும் தகுதி எனக்கு இல்லை. உங்கள் முதியவரிடம் யாராவது ஒருவர் தன்னைக் காண்பார் என்றால், நீங்கள் எந்தப் பெயரும் எழுதாதபோதுதான் அதற்கு இடம் அதிகம்.

ஆகவே பதிப்பாசிரியருக்குச் சொல்ல வேண்டியது இது. கதைசொல்லியின் குரலில், விளக்கக் குறிப்பாக, நோயின் பெயர் வேண்டாம். எஸ். சம்பத்தின் 'இடைவெளி' நாவலில் தினகரன் சாவைப் பற்றிய சிந்தனையிலேயே மூழ்கிக் கிடக்கிறான். அதற்கு ஒரு நோய்க்குறிப்பு எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்தக் குறிப்பு நாவலுக்குள் இருந்திருந்தால், அவனுடைய கேள்வி அவனுடைய வியாதியாகிப் போயிருக்கும், நான் அதைச் சுமக்க வேண்டியிருந்திருக்காது. ஆனால் கதைக்குள் ஒரு நிகழ்ச்சியாகப் பெயர் வருவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தம்பி மகள் நர்சிங் படித்துவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெயரைச் சொல்லலாம். அதைக் கேட்ட அண்ணி நிம்மதி அடையலாம், வீட்டுக்காரர் வாடகையைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லலாம், முதியவரே மாடிப்படியில் நின்று கேட்டுவிடலாம். அப்போது அந்தப் பெயருக்கு ஒரு வாய் இருக்கிறது, ஒரு நோக்கம் இருக்கிறது, ஒரு விலை இருக்கிறது. அது கதை. அப்படி எழுதுவதாக இருந்தால் வரலாற்றையும் அதற்கேற்ப எழுதுங்கள். மில் மூடியபின் மாறிப்போன மனிதருக்கு ஆட்டிசம் என்று ஒரு மருத்துவரைச் சொல்ல வைக்காதீர்கள்.

இனி உங்கள் பெரியப்பா. இங்கே என் பதில் தலைகீழாக மாறுகிறது. பாத்திரத்துக்கு வேண்டாம் என்ற பரிசோதனை இவருக்கு வேண்டியிருக்கலாம், ஏனென்றால் இவருக்கு வரலாறு இருக்கிறது, கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், பதில் சொல்ல அவரே இருக்கிறார். அதே நேரம், நம் தெருவில் அடையாளங்களை மாற்றி எழுதினாலும் யார் என்று தெரிந்துவிடும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாகப் பயன்படுத்துகிற நகரத்தில், அச்சான ஒரு நோய்ப்பெயர் அவர் தேநீர் வாங்கும் கடைவரை போய்ச் சேரும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்கம், பண்பாடு, வேலை, மதம் பற்றிய வழக்கங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது என்கிறது. ஒரு மருத்துவரே செய்யக்கூடாத அதை ஒரு பதிப்பாசிரியருக்காக நீங்கள் செய்ய வேண்டாம்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. அவர் ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்று கவனியுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாரா, முகத்தைப் பார்த்துப் பேசினால் மட்டும் பதில் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்; அரசு மருத்துவமனையிலேயே கேட்கும் திறனைச் சோதிக்கலாம். தைராய்டு, பி12 இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், முதியவர்களின் ஒதுக்கத்துக்கு இவையும் காரணமாகும். சாப்பாடு குறைந்திருக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா, சாவைப் பற்றிப் பேசுகிறாரா, அண்மையில் மறதி கூடியிருக்கிறதா என்பவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், அவர் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, ரேடியோக்களோடு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்றால், அவரை எங்கும் அழைத்துப் போக வேண்டாம். குறுநாவலை அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் படிக்கக் கொடுங்கள், அல்லது எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். எதை மாற்றச் சொல்கிறாரோ அதை மாற்றுங்கள்.